கடைசி வீட்டுக்கு அப்பால் ஒரு வீடு

அத்தியாயம் 11

“பிப்ரவரியிலேயே உங்களுக்குத் தெரியும்! மூணு மாசமா என்கிட்ட ஒரு வார்த்தை…”

“சொல்லலாம்னுதான் இருந்தேன், நீ அதுக்குள்ள…”

“எதுக்குள்ள? தோட்டம் போடற வெள்ளைக்காரர் கேக்கறார், செடி வேரைச் சுத்தப் பழைய பேப்பர் வேணுமாம்னு சொன்னேளே, அந்த வெள்ளைக்காரர் எங்கே?”

“கத்தாதே கல்யாணி, கீழ் ஃப்ளாட்டுல…”

“கீழ் ஃப்ளாட்டுல தமிழ் தெரிஞ்சவா இருந்தா, நான் ஏன் மேல் ஃப்ளாட்டுல சுவரைப் பாத்துண்டு உக்காந்திருக்கேன்?”

சடகோபன் கையிலிருந்த ஆங்கிலப் பேப்பரைத் திருப்பினார். திருப்பிய பக்கம் முழுக்கக் குதிரைப் பந்தயம். அவர் ஆயுளில் குதிரைப் பந்தயம் பற்றிப் படித்தவர் இல்லை.

சனிக்கிழமை காலை ஒன்பது மணி. சத்தியபாமாவின் டெலிபோன் வந்து பத்து நிமிஷம்கூட ஆகவில்லை.

சடகோபன் மெட்ராஸ் உத்தியோகத்தை விட்டுவிட்டுப் பரமட்டாவில் ஒரு வரைபட அலுவலகத்தில் வந்து சேர்ந்ததும், மனைவியையும் மகளையும் ஹோம்புஷ் மாடி ஃப்ளாட்டில் குடிவைத்ததும் உங்களுக்கு நினைவிருக்கும். அது ஆயிற்று நாலு வருஷம். மெட்ராஸிலிருந்து கப்பலில் இரண்டு மாதம் பழசாகி வரும் வாரப் பத்திரிகையை, சிட்னியில் அங்கொன்றும் இங்கொன்றுமாக இருந்த ஏழு தமிழ்க் குடும்பங்கள் முறை வைத்துப் படித்தன. அட்டையில் ஏழு பெயர்களையும் வரிசையாக டைப் அடித்து ஒட்டியிருக்கும். படித்தவர் தன் பெயரை அடித்துவிட்டு அடுத்த வீட்டில் சேர்க்க வேண்டும். ஆறாவது பெயர் சத்தியபாமா. ஏழாவது, கடைசி, கல்யாணி.

கடைசி வீடு என்பதில் ஒரு சலுகை உண்டு. பத்திரிகை அங்கேயே தங்கிவிடலாம். அதனால் கல்யாணி, கல்யாணமான நாளிலிருந்து மெட்ராஸில் செய்துகொண்டிருந்ததையே இங்கும் செய்தாள். தொடர்கதைப் பக்கங்களை மட்டும் கத்திரிக்கோலால் வெட்டி எடுத்து, கோணி ஊசியால் தைத்து, பழுப்புக் காகித அட்டை போட்டு வைத்தாள். மிச்சத்தைச் சடகோபன் வெள்ளிக்கிழமை தோறும் ஆபீஸ் பையில் எடுத்துப் போனார். தோட்டக்கார வெள்ளைக்காரருக்கு.

“தோட்டக்காரராவது ஒண்ணாவது!” என்றாள் கல்யாணி. “எட்டாவது வீடு ஒண்ணு இருக்கு. பரமட்டாவிலே. யாழ்ப்பாணத்துக்காரா. ஜெயரட்ணம்னு பேர். அவர் பெண்டாட்டி கால் முறிஞ்சு ஆத்தோட கிடக்கா. அவளுக்குக் குடுக்கணும்னு லிஸ்ட் போடற வெங்கட்ராமன் உங்ககிட்டதான் போன்ல சொன்னாராம். நான் வெட்டி ஓட்டை போட்டதை நீங்க கொண்டுபோய் அவா கையில குடுத்திருக்கேள்! சத்தியபாமா என்ன கேட்டா தெரியுமா? ‘ஏண்டி, படிக்க இன்னொருத்தி காத்துண்டிருக்கான்னு தெரிஞ்சும் கத்திரிக்கோலை எடுத்தியா?’ன்னு கேட்டா. எனக்கு எங்கே தெரியும்?”

“தெரிஞ்சா நீ வெட்டறதை நிறுத்திடுவே.”

“நிறுத்தத்தானே வேணும்!”

“அதை வெட்டித் தைக்கறச்சேதான் நீ பாடறே” என்றார் சடகோபன், பேப்பருக்குப் பின்னாலிருந்து. “வேற எப்பவும் பாடறதில்லை.”

தான் பாடுவது கல்யாணிக்கே தெரியாது. இவருக்கு எப்படித் தெரியும்?

“அதுக்காக?” என்றாள், கொஞ்சம் இறங்கின குரலில். “அதுக்காக இன்னொருத்தி படிக்கறதைப் பறிக்கலாமா? நாளைக்குப் பார்க்குல எல்லாரும் கூடறா. அதுக்குள்ள வெட்டினதையெல்லாம் அவாகிட்ட சேர்க்கலேன்னா லிஸ்ட்டுலேர்ந்து என் பேரை எடுத்துடுவாளாம். நான் போய்க் குடுத்துட்டு வரேன்.”

பேப்பர் கீழே இறங்கியது. “இன்னிக்கு வேண்டாம். வெள்ளிக்கிழமை நானே குடுத்துடறேன்.”

“நாளைக்குப் பேர் போறதுங்கறேன், வெள்ளிக்கிழமையாம்!”

“அப்போ நானும் வரேன்.”

“நீங்க வரவே வேண்டாம். உங்க உபகாரம் போறும்.”

“கல்யாணி, நான் சொல்றதைக் கேளு…”

“என்ன சொல்லப்போறேள்? சொல்லுங்கோ.”

அவர் மறுபடி பேப்பரைத் தூக்கிக்கொண்டார். அவள் பழுப்பு அட்டைப் புத்தகத்தைத் துணிப்பையில் போட்டுக்கொண்டாள்.

* * *

மகள் விஜயாவுக்கு அன்று பரமட்டா ஆற்றங்கரைக்குப் போக வேண்டியிருந்தது. சனிக்கிழமை தோறும் அவளுடைய ஓவிய வகுப்புத் தோழிகள் அங்கே மரத்தடியில் உட்கார்ந்து கரிக்கட்டியால் ஆற்றை வரைவார்கள். அம்மாவும் மகளும் ஒரே ரயிலில் ஏறினார்கள். கதவு மூடாத சிவப்பு ரயில். அந்த ஊரின் மே மாதக் குளிர்காற்று உள்ளே வந்து விஜயாவின் காகிதங்களைப் புரட்டியது.

“அம்மா, சீரியஸ்லி, ஒரு மேகஸினுக்காகவா காலங்கார்த்தால சண்டை? லிஸ்ட்டுல பேர் இல்லேன்னா என்ன, ஏர்மெயில்ல வரவழைச்சுக்கோயேன்.”

“ஏர்மெயில் கதவைத் தட்டி, ‘காப்பி இருக்கா’ன்னு கேக்குமா?”

“ஸாரி?”

“புதன்கிழமை சத்தியபாமா வருவா. பத்திரிகையைக் குடுப்பா. அரை மணி உக்காந்து அவ மாட்டுப்பொண்ணைத் திட்டுவா. அதுக்காக நான் செவ்வாய்க்கிழமையே முறுக்குப் பிழியறேன். லிஸ்ட்டுல பேர் போயிடுத்துன்னா புதன்கிழமை நம்மாத்துக் கதவை யார் தட்டுவா?”

“நான் தினமும் வரேனே.”

“உன்கிட்ட சாவி இருக்கு. நீ தட்ட மாட்டே.”

விஜயா ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள். ஆபர்ன் ஸ்டேஷன் வந்தது. இரண்டு பேர் இறங்கினார்கள், யாரும் ஏறவில்லை.

“அப்பாவோட பேசலாமே நீ” என்றாள் கொஞ்சம் கழித்து.

“பேசறேனே. வியாழக்கிழமை பேசறோம்.”

“வாட் டு யு மீன், வியாழக்கிழமை?”

“சாப்பிட்டுக் கை அலம்பினதும் கேப்பார். ‘கதையில இந்த வாரம் மாலதிக்கு என்ன ஆச்சு?’ன்னு. நான் ஒண்ணு விடாம சொல்லுவேன். மாமியார் பேசற மாதிரி தொண்டையைக் கட்டிண்டு பேசிக் காட்டுவேன். ஒரு மணி நேரம் ஆகும். அப்படியே கேட்டுண்டிருப்பார்.”

“அப்பாவா? கதையா? எத்தனை நாளா?”

“இந்த மூணு மாசமாத்தான்” என்றாள் கல்யாணி. அவளுக்கே சிரிப்பு வந்தது. “வயசானா ஆம்பளைகளுக்கும் தொடர்கதை பிடிக்கும் போல இருக்கு.”

பரமட்டாவில் இறங்கியதும் விஜயா ஒரு தாளில் வழி வரைந்து கொடுத்தாள். தெருக்களின் பெயரோடு ஒரு தபால் பெட்டி, ஒரு தேவாலயம், ஒரு நாய் எல்லாம் அதில் இருந்தன.

“நாய் எதுக்குடி?”

“அந்த வழியில எப்பவும் ஒரு நாய் இருக்கும், அம்மா. பயப்படாதே, குரைக்காது.”

* * *

நாய் குரைக்கத்தான் குரைத்தது. கல்யாணி தெருவின் மறுபக்கமாக நடந்து, பலகை வைத்துக் கட்டின ஒரு சின்ன வீட்டின் முன்னால் வந்து நின்றாள். மூன்று மரப்படி. வராந்தாவில் ஒரு பிரம்பு நாற்காலி, ஜன்னலை ஒட்டிப் போட்டிருந்தது.

“ஆர் அது?” என்று ஜன்னலுக்குள்ளிருந்து குரல் வந்தது.

“நான் கல்யாணி. சடகோபனோட ஆத்துக்காரி.”

“ஓ! சடகோபன் ஐயாட மனுசியே! வாங்கோ, வாங்கோ. கதவு திறந்துதான் கிடக்கு. எனக்கு எழும்பி வர நேரமெடுக்கும், குறை நினைக்காதேங்கோ.”

ஜெயரட்ணத்தின் மனைவி ஞானம்மாளுக்கு ஐம்பத்தைந்து வயது இருக்கலாம். கட்டுப் போட்ட காலை ஒரு முக்காலியில் நீட்டி வைத்திருந்தாள். கல்யாணியைக் கண்டதும் அந்த முகத்தில் வந்த சந்தோஷத்தைப் பார்த்து, மன்னிப்புக் கேட்கத் தயாராக வந்தவளுக்கு எங்கே ஆரம்பிப்பது என்று தெரியவில்லை.

“அக்கா, நான் ஒரு தப்பு பண்ணிட்டேன். உங்களுக்கு வரதுன்னு தெரியாம பத்திரிகையிலே…”

“அதை விடுங்கோ தங்கச்சி! அது என்ட மனுசன்ட வேலை. அவருக்குக் கதைப் புத்தகம் பிடியாது. ஒருநாள் எடுத்துப் பார்த்திட்டு, கதையைக் காணேல்லை, ஓட்டையைத்தான் கண்டவர். உடன வெங்கட்ராமனிட்டச் சொல்லிப்போட்டார். எனக்கு ஒரு குறையும் இல்லை. உங்கட மனுசன் முதல் நாளே சொன்னவர்.”

“என்ன சொன்னார்?”

“‘என்ட மனைவி கதையை வெட்டித் தைச்சு வைக்கிறவ. நிப்பாட்டச் சொல்ல எனக்கு மனம் வரேல்லை. கதையை நான் வாயால சொல்லிவிடுறன்’ எண்டு. அந்த நாள் தொடக்கம் வெள்ளிக்கிழமையில நாலரைக்கு வருவார். உள்ளுக்க வரமாட்டார். உந்தக் கதிரையில இருந்து ஜன்னலால கதைப்பார். அவர் வெளியில, நான் உள்ளுக்க.”

கல்யாணி பிரம்பு நாற்காலியைப் பார்த்தாள். வெள்ளிக்கிழமைகளில் அவர் ஆறரைக்குத்தான் வீடு வருவார். ரயில் லேட் என்பார். அவளும் ரயில்காரர்களைத் திட்டியிருக்கிறாள்.

“அவர்… நிறையப் பேசுவாரா?”

“பேசுவாரோ எண்டோ! என்ன அப்பிடிக் கேக்கிறியள்? சிரிக்கச் சிரிக்கக் கதைப்பார். எதிர்வீட்டு மால்டாக்காரன் தக்காளிக்குத் தண்ணி விடுறவன், எங்கட சிரிப்பைக் கேட்டு இஞ்சால எட்டி எட்டிப் பார்ப்பான். மாலதி மாதிரியும் கதைப்பார், மாமியார் மாதிரியும் கதைப்பார். மாமியாருக்குத் தொண்டையைக் கட்டி ஒரு குரல் போடுவார் பாருங்கோ!”

ஞானம்மாள் அந்தக் குரலைப் போட்டுக் காட்டினாள். அது கல்யாணியின் குரல். வியாழக்கிழமை, கழுவின தட்டுக்களைத் துடைத்துக்கொண்டே அவள் போட்ட அதே குரல். அப்போது அவர் சிரிக்கவில்லை. சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ரசித்துக் கேட்கிறார் என்று நினைத்திருந்தாள். அவர் மனப்பாடம் செய்துகொண்டிருந்திருக்கிறார்.

‘மாலதிக்கு என்ன ஆச்சு?’ என்று கேட்டதெல்லாம் அடுத்த நாள் இங்கே வந்து சொல்வதற்கு.

“தேத்தண்ணி குடிக்கிறியளே? குசினியில எல்லாம் கிடக்கு, நீங்கள்தான் போட வேணும். எனக்கும் ஒண்டு.”

கல்யாணி சமையலறைக்குப் போய்க் கெட்டிலை வைத்தாள். அது கொதித்து நின்ற பிறகும் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றாள். இரண்டு கோப்பைகளோடு திரும்பி வந்தபோது ஞானம்மாள் தன் பேச்சை விட்ட இடத்திலிருந்தே தொடர்ந்தாள்.

“போன வெள்ளிக்கிழமை நான் அழுதிட்டன் தங்கச்சி.”

“ஏன்?”

“அந்த நரசிம்மன், மாலதிட புருசன்! கல்லுப் போல இருந்த மனுசன். மாலதி லைட்டும் போடாமல் இருக்கிறாள். அவன் வேலையால வாறான். வந்தவன் லைட்டைப் போடேல்லை. அவளுக்குப் பக்கத்தில நிலத்தில இருந்து சொல்லுறான்: ‘எனக்குப் பேச ஆபீசில நாற்பது பேர். உனக்கு நான் ஒருத்தன்தான். அந்த ஒருத்தனும் வீட்டுக்கு வந்து வாயைப் பூட்டிக்கொள்ளுறன். பூட்டின பிறகு சாவியை எங்க வைச்சன் எண்டு எனக்கே தெரியேல்லை, மாலதி.’ அதைச் சொல்லேக்க உங்கட மனுசனுக்கும் குரல் கம்மிப் போச்சு. கதை எண்டால் அப்பிடி எழுத வேணும்.”

கல்யாணி கோப்பையைக் கீழே வைத்தாள்.

அந்த அத்தியாயம் அவளுக்கு வரிக்கு வரி தெரியும். நரசிம்மன் வருகிறான். விளக்கைப் போடுகிறான். ‘சாப்பாடு ஆச்சா?’ என்கிறான். தூங்கப் போகிறான். அவ்வளவுதான். தவிர, கதையில் நரசிம்மன் ஒரு சின்ன ஊர்த் தபாலாபீசில் போஸ்ட்மாஸ்டர். அவனுக்குக் கீழே இரண்டு தபால்காரர்கள். நாற்பது பேர் எங்கேயிருந்து வந்தார்கள்?

பரமட்டாவில், ஜன்னல் ஓரமாக வரிசையாக நாற்பது மேசை போட்ட ஒரு வரைபட அலுவலகத்திலிருந்து வந்தார்கள். வந்து சேர்ந்த முதல் வாரம் அவர் சொன்னது. அதற்கப்புறம் ஆபீஸ் பற்றி அவர் எதுவும் சொன்னதில்லை.

“தங்கச்சி? ஏன் ஒரு மாதிரி இருக்கிறியள்?”

“ஒண்ணுமில்லை அக்கா. நாய் துரத்தித்து, வர வழியிலே.”

“சத்தியபாமா போன் பண்ணினவ. நீங்கள் வெட்டின கதையெல்லாம் தைச்ச புத்தகம் கொண்டு வாறியள் எண்டு சொன்னவ. எனக்குச் சரியான ஆசை. அந்த நரசிம்மன் கதைச்ச இடத்தை நான் கண்ணால ஒருக்கா வாசிக்க வேணும்.”

பை கல்யாணியின் மடியில் இருந்தது. ஞானம்மாள் கையை நீட்டியிருந்தாள். கொடுத்துவிட்டால் நாளைக்குப் பார்க்கில் தலை நிமிர்ந்து நிற்கலாம். பட்டியலில் பெயர் இருக்கும், புதன்கிழமை இருக்கும். கொடுத்துவிட்டால் இந்த அம்மாள் இன்றைக்கே அந்தப் பக்கத்தைத் தேடுவாள். அப்படி ஒரு பக்கம் இல்லை என்று கண்டுபிடிப்பாள். வெள்ளிக்கிழமை நாலரைக்கு அந்தப் பிரம்பு நாற்காலியில் வந்து உட்காருகிற மனுஷரை ஜன்னல் வழியாக வேறு மாதிரிப் பார்ப்பாள். பிறகு அவர் வர மாட்டார். சடகோபனைக் கல்யாணிக்குத் தெரியும். ஒரு தரம் கூனிக் குறுகினால் அந்தத் தெருப் பக்கமே போக மாட்டார்.

“கொண்டு வர மறந்துட்டேன் அக்கா” என்றாள்.

“மறந்திட்டியளே?”

“மேஜை மேலேயே வெச்சுட்டு வந்துட்டேன். சண்டை போட்டுண்டு கிளம்பினேனா, அந்த அவசரத்துல…”

ஞானம்மாளின் பார்வை ஒரு நொடி துணிப்பையில் நின்றது. பழுப்பு அட்டையின் மூலை பையின் வாய்க்கு வெளியே துருத்திக்கொண்டிருந்தது.

“சரி” என்றாள், நீட்டிய கையை மடக்கிக்கொண்டு. “அதுக்கென்ன, பேந்து ஒருநாள் பார்ப்பம். தேத்தண்ணி ஆறுது, குடியுங்கோ.”

* * *

ஞானம்மாள் சாப்பிட்டுத்தான் போக வேண்டும் என்று பிடிவாதம் பிடித்துவிட்டாள்; ஸ்டேஷனுக்குத் திரும்பி வந்தபோது மணி மூன்று. சனிக்கிழமை பன்னிரண்டு மணிக்கே கடை அடைக்கிற ஊர். பரமட்டா தெருக்களில் அவள் செருப்புச் சத்தம் அவளுக்கே கேட்டது. எதிரே வந்த ஒரு வெள்ளைக்கார அம்மாள் இவள் புடவையைப் பார்த்துப் புன்னகைத்தாள். இவளும் புன்னகைத்தாள். அதோடு சரி.

பிளாட்பாரத்தில் கடைசி பெஞ்சில் ஒருவர் உட்கார்ந்திருந்தார். வெயில் அடிக்கும்போதே மடியில் குடை. சடகோபன்.

கல்யாணி போய்ப் பெஞ்சின் மறு கோடியில் உட்கார்ந்தாள். இரண்டு பேருக்கும் நடுவே இன்னும் இரண்டு பேர் தாராளமாக உட்காரலாம்.

“எப்போ வந்தேள்?”

“பன்னண்டு மணிக்கு.”

“அங்கே வந்திருக்கலாமே. உங்க நாற்காலி காலியாத்தான் இருந்தது.”

அவர் குடையின் பித்தானைக் கழற்றினார். மறுபடி மாட்டினார்.

“எல்லாம் சொன்னாளா?”

“சொன்னா. மாமியார் குரல்கூடப் போட்டுக் காட்டினா. நன்னாத்தான் போடறா. என்கிட்டேர்ந்து நீங்க கத்துண்டு, உங்ககிட்டேர்ந்து அவ கத்துண்டு.”

சடகோபனின் கண் பையில் விழுந்தது. “புத்தகம் குடுக்கலையா?”

“இல்லை.”

“ஏன்? நாளைக்கு உன் பேரை எடுத்துடுவாளே!”

“எடுக்கட்டும்.”

“கல்யாணி, அதுக்காகத்தானே போனே? புதன்கிழமை…”

“குடுத்தா அவ அந்த நாப்பது பேரைத் தேடுவா. எந்தப் பக்கத்துல தேடுவா?”

சடகோபனின் காது மடல் சிவந்தது. தூரத்தில் ரயில் வருகிற சத்தம் கேட்டது. பக்கத்துப் பெஞ்சில் இருந்த ஒரு பையன் எழுந்து ஓரத்துக்குப் போனான். சடகோபன் எழுந்திருக்கவில்லை. கல்யாணியும் எழுந்திருக்கவில்லை. ரயில் வந்து நின்றது, ஆட்களை இறக்கியது, அவர்கள் இருவரையும் விட்டுவிட்டுப் போயிற்று.

“நான் ஒண்ணும் வேணும்னு சொல்லலை” என்றார் அவர், தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டு. “அன்னிக்கு நீ சொன்ன கதை பாதி வழியில மறந்துபோச்சு. அந்தம்மா காத்துண்டிருந்தா. ஏதாவது சொல்லணுமேன்னு… வாயில அதுதான் வந்தது.”

“என் எதிர்ல நாலு வருஷமா வரலையே.”

“அங்கே முகம் தெரியாது. ஜன்னல்ல கொசுவலை போட்டிருக்கா.”

அவர் சொன்னது உண்மை. கல்யாணியும் அந்தக் கம்பி வலையைப் பார்த்திருந்தாள். உள்ளே இருப்பவள் வெறும் நிழலாகத்தான் தெரிவாள்.

அவள் பெஞ்சில் நகர்ந்து, அவருக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். பிறகு அவருக்குத் தன் முகம் தெரியாதபடி எதிர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள்.

“இப்போ சொல்லுங்கோ. மாலதின்னே கூப்பிட்டாலும் சரி.”